எட்டுக் கயிறு

விசாரணைக்கு வந்தவர் கேட்டார்:
ஏன் அவிழ்த்துவிடவில்லை?
தராசு ஆபீஸ் மேசையில் அவருடைய காப்பி
ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

நான் எடை எழுதுகிறவள், ஐயா.
குலை வரும், எண்ணெய் போகும்.
அன்று தொங்காங்கில் ஏறியது அறுநூற்றுப் பன்னிரண்டு டன்
என்பது என் கையெழுத்து.
கயிறு என் புத்தகத்தில் இல்லை.
ஆனால் அந்த ராத்திரி முறை என்னுடையது,
அதனால் சொல்கிறேன்.

சுமத்ரா காற்று சொல்லிக்கொண்டு வராது என்பார்கள்
ஊத்தான் மெலிந்தாங்கில்.
பொய். சொல்லும்.
விடியற்காலை மூன்று மணிக்கு மேற்கே
நிலா அணைந்துபோகும்.
செம்பனை மட்டையெல்லாம் ஒரே பக்கம் திரும்பும்.
லயத்து நாய்கள் லாரிக்கு அடியில் போய்ப் படுக்கும்.
அன்றைக்கும் சொன்னது.

இழுபடகிலிருந்து நக்கோடா மசிகா கத்தினார்,
முதலில் மலாயில், பிறகு கையால்:
அவிழ். நடு ஆற்றுக்குக் கொண்டுபோகிறேன்.
ஒரு நங்கூரம் போதும். காற்று எந்தப் பக்கமோ
அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொள்வாள்.
இங்கே இவளுக்குத் திரும்ப இடம் ஏது?

கிள்ளானுக்குப் போன் போட்டேன்.
தூக்கம் கலையாத குரல் சொன்னது:
கட்டியிருந்து உடைந்தால் காப்புறுதி தரும்,
அவிழ்த்து உடைந்தால் நம் தலையில்.
கயிற்றைக் கூட்டச் சொல்.

வேதமுத்து கூட்டினான்.
நாலு, எட்டானது.
மழைக்குள் குனிந்து அவன் போட்டதெல்லாம்
யாரும் குறை சொல்ல முடியாத முடிச்சு.
அதுதான் குறை.

அப்புறம் பெருக்கு.
பௌர்ணமிக்கு மறுநாள், கடல் ஆற்றுக்குள் ஏறி வந்தது.
தண்ணீர் ஏறினால் கப்பல் ஏறும்,
முடிச்சு ஏறாது.
இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பார்த்தேன்.
கயிறு மெலிந்தது. அதில் இருந்த ஈரம்
புகையாய்ப் பறந்தது.
தொங்காங் விலகிப் போய்த் திரும்பி வந்து
ஜெட்டியை இடித்தது.
விலகியது.
இடித்தது.
நடுவில் தொங்கிய லாரி டயர்கள் அப்பளமாயின.
ஆறு அடிக்கவில்லை, ஐயா, காற்றுகூட அவ்வளவு அடிக்கவில்லை.
கரைதான் அடித்தது அவளை.

வேதமுத்து கோடாலி கேட்டான்.
கயிறு வெட்டவென்றே வாங்கிய சிவப்புப் பிடிக் கோடாலி
ஸ்டோரில் இருந்தது.
சாவி ஸ்டோர் கிராணியிடம்,
கிராணி தெலுக் இந்தானில், மச்சினன் கல்யாணத்தில்.
நான் மாங்காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
எழுதிக்கொள்ளுங்கள், மாங்காய்க் கத்தி.

பாதி வழியில் சத்தம்.
துப்பாக்கி மாதிரி என்கிறார்கள். இல்லை.
ஈரத்துணியைக் கல்லில் அறைகிற மாதிரி, ஒரே அறை,
ஊர் அகலத்துக்கு ஒரு துணி.
அறுந்த கயிறு ஆற்றுப் பக்கம் போகவில்லை,
கட்டியவனிடம் திரும்பி வந்தது.
வேதமுத்து நின்ற இடத்தில் உட்கார்ந்திருந்தான்.
முழங்காலுக்குக் கீழே பார்க்காமல் என்னைப் பார்த்து
"தண்ணி இன்னும் ஏறுதா?" என்றான்.

மற்ற ஏழும் எப்போது போயின, தெரியாது.
விடிந்தபோது மூன்று தூண் இல்லை.
சேறு முழுக்கச் செம்மஞ்சள்.
சேற்றில் துள்ளுகிற மீன்கள்
தீபாவளிக் குளியலுக்கு உட்கார்ந்த பிள்ளைகளாய்
எண்ணெய் வழிய விழித்துக்கொண்டிருந்தன.
தொங்காங்
விலா நசுங்கி, நடு ஆற்றில், ஒரே நங்கூரத்தில்
நின்றது.
காற்றுப் பக்கம் மூக்கு.

அவர் காரணம் என்ற கட்டத்தில் 'காற்று' என்று எழுதினார்.
காப்பியைக் குடிக்காமலே போனார்.

இப்போது ஜெட்டி புதுசு.
கோடாலியை வெளியே, தூணிலேயே மாட்டிவிட்டார்கள்,
யாரும் தூக்கிக்கொண்டு போகாமலிருக்கச்
சங்கிலி போட்டு.
ஒரு மத்தியானம், லாரி இல்லாத நேரம்,
சங்கிலியை இழுத்துப் பார்த்தேன்
முதல் கயிறு வரைக்கும்.

எட்டவில்லை.